பேட்டி எடுக்கப் போன பிள்ளைகள் ‘ஆமா’, ‘இல்ல’யோடு திரும்பி வந்தால்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்களின் உடல்நலம், கூலி, குடும்ப நிலைமை பற்றி அவர்களிடமே கேட்டு ஓர் அறிக்கை தயாரித்து மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்கலாம் என்று சிலர் சேர்ந்து முடிவு செய்தோம். 12 தன்னார்வலர்கள் கிடைத்தார்கள். சிலர் கல்லூரி மாணவிகள், சிலர் இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்தவர்கள், நான்கு பேர் உப்பளத் தொழிலாளிகளின் மகள்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பயிற்சி கொடுத்து, 38 கேள்விகள் கொண்ட தாளோடு அனுப்பினோம். இதுவரை 14 பேட்டிகள் வந்திருக்கின்றன. எல்லாம் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். ‘ஆமா’, ‘இல்ல’, ‘கஷ்டந்தான்’ என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. ஒரு பெண் பேசும்போது அழுதுவிட்டார். அந்தப் பேட்டிக்குப் போன இரண்டு மாணவிகளும் இனி வரமாட்டோம் என்கிறார்கள். பயிற்சியை முதலிலிருந்து நடத்த வேண்டுமா? எப்படி நடத்துவது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

முதலிலிருந்து நடத்த வேண்டாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி மோசமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேட்டி எடுக்கும் பழக்கம் களத்துக்குப் போகும் முன்னால் வருவதில்லை. முதல் பேட்டிக்கும் இரண்டாவது பேட்டிக்கும் நடுவில்தான் வருகிறது. முதல் பேட்டியை எடுத்துவிட்டு வந்தவரோடு ஒருவர் உட்கார்ந்து, அந்தப் பதிவைச் சேர்ந்து கேட்டு, இந்த இடத்தில் அவர் ஏதோ சொல்ல வந்தாரே, நீ ஏன் அடுத்த கேள்விக்குப் போனாய் என்று கேட்க வேண்டும். அந்த அரை மணி நேரம் ஒரு முழுநாள் வகுப்பைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். உங்கள் 12 பேரும் அது கிடைக்காமலே இரண்டாவது வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஆகவே இப்போதைக்குப் புதுப் பேட்டிகளை நிறுத்துங்கள். வந்திருக்கும் 14 பதிவுகள்தான் உங்களுக்கு இனிப் பாடப்புத்தகம். பேட்டி எடுத்தவரோடு மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நிமிடம் கேளுங்கள். எல்லாரையும் கூட்டிவைத்து ஒலிபரப்ப வேண்டாம். ஒருவர் தடுமாறிய இடத்தைப் பதினோரு பேர் நடுவில் கேட்கவைத்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். பேசிய பெண்ணும் அத்தனை காதுகளுக்குச் சம்மதம் சொல்லியிருக்க மாட்டார்.

கேட்கும்போது என்ன கிடைக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பல ஊர்களில் தன்னார்வலர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்துவருகிறேன், முதல் பதிவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வகுப்பில் படித்துக் காட்டுவதற்காக நான் எழுதி வைத்திருக்கும் ஒரு மாதிரியை இங்கே உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி தருகிறேன்.

“அளத்துல கழிப்பறை வசதி இருக்காக்கா?”
“இல்ல.”
“அதனால ரொம்ப சிரமப்படுவீங்க, இல்லையா?”
“ஆமா, சிரமந்தான்.”
“சரிக்கா. அடுத்து, குடிதண்ணீர் வசதி இருக்கா?”

கேட்டவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தாளில் இருந்ததைத்தான் கேட்டார். ஆனால் இரண்டாவது கேள்வியிலேயே பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அக்காவுக்கு ‘ஆமா’ என்பதைத் தவிர வேலை இல்லை. அதே விஷயத்தை இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

“நேத்து எத்தன மணிக்கு எந்திரிச்சீங்கக்கா? அதுலேருந்து சொல்லுங்க.”
“மூணு மணிக்கு எந்திரிச்சிருவேன். சோறு பொங்கி வச்சிட்டு நாலரைக்குக் கிளம்பணும்.”
“கிளம்பும்போது ஏதாவது சாப்பிடுவீங்களா?”
“ஒண்ணும் சாப்பிடுததில்ல. தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்.”
“தண்ணியுமா?”

இங்கே கேட்டவர் பேசாமல் இருக்கிறார். நாலைந்து நொடி.

“தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா. அங்க எங்க ஒதுங்க? எல்லாம் வெட்டவெளி. கங்காணி நிப்பாரு, லாரிக்காரங்க நிப்பாங்க. வீட்டுக்கு வந்துதான் எல்லாம்.”

கழிப்பறை என்ற சொல்லே கேள்வியில் வரவில்லை. ஆனால் கழிப்பறை இல்லாததால் ஒரு பெண் விடிகாலையிலிருந்து வீடு திரும்பும்வரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாருகிறார் என்பது வந்துவிட்டது. சிறுநீர்க் கடுப்பு, சிறுநீரகக் கோளாறு பற்றி ஒரு மருத்துவரிடம் பேச உங்களுக்கு இது போதும். ஆட்சியர் அலுவலகத்தில் ‘கழிப்பறை வசதி இல்லை’ என்ற வரியை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது எளிது. இந்தப் பேச்சைப் படித்துவிட்டு அப்படிப் போவது கஷ்டம்.

இந்தப் பேட்டியில் கேட்டவர் செய்த பெரிய காரியம் ‘தண்ணியுமா?’ என்ற ஒரே சொல். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. இந்த இரண்டையும்தான் உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்து அவரிடமே திருப்பிக் கேட்பது. பதில் வரும்வரை பொறுப்பது. இருவர் இருவராக உட்காரவைத்து, ‘நேற்று விடிந்ததிலிருந்து தூங்கும்வரை’ என்ற ஒரே விஷயத்தைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். கேட்பவர் புதுக் கேள்வி எதுவும் கேட்கக் கூடாது. எதிரில் இருப்பவர் சொன்ன வார்த்தையிலிருந்து மட்டும்தான் அடுத்ததைக் கேட்கலாம். ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘அப்புறம்?’ என்று கேட்கலாம். முதல் தடவை மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும். நாலாவது தடவை பதினைந்து நிமிடம் போதவில்லை என்பார்கள்.

இல்லம் தேடிக் கல்வியில் இருந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்கள் பிள்ளை திணறினால் உடனே முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார்கள், சரியாகச் சொன்னால் ‘நல்லா சொன்னீங்க’ என்பார்கள். வகுப்பில் அது அருமையான குணம். பேட்டியில் ‘நல்லா சொன்னீங்க’ என்றால், எதைச் சொன்னால் இந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் அதைத்தான் சொல்வார். தலையை ஆட்டினால் போதும், மதிப்பெண் போட வேண்டாம்.

இன்னொன்றையும் கட்டாயமாக்குங்கள். தானே ஒரு தடவை பேட்டி கொடுக்காத யாரையும் பேட்டி எடுக்க அனுப்பாதீர்கள். சும்மா நடித்துப் பார்ப்பதைச் சொல்லவில்லை. போன் ஓடிக்கொண்டிருக்க, இருபது நிமிடம், கொஞ்சம் கூச்சம் தரும் விஷயம் பேச வேண்டும். ‘உங்கள் வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது, உங்களுக்கு நூறு ரூபாய் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பீர்கள்’ என்பது நல்ல விஷயம். முடிந்ததும் எந்த இடத்தில் மழுப்பினீர்கள், ஏன் என்று அவரவர் தாளில் எழுதட்டும், யாருக்கும் காட்ட வேண்டாம். பிறகு அந்தப் பதிவை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். தன் குரல் இன்னொருவர் போனில் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளை, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் போனை வைக்கும்போது வேறு மாதிரி வைக்கும்.

அந்த 38 கேள்விகளுக்கு வருகிறேன். எத்தனை வீட்டில் கழிப்பறை, எத்தனை பேருக்குக் கண் எரிச்சல், எத்தனை பேருக்குக் கூலி பாக்கி என்று எண்ணிக்கை வேண்டுமென்றால் அந்தத் தாள் சரி. அது கணக்கெடுப்பு. கதை கேட்கும்போது அந்தத் தாள் குறுக்கே நிற்கும். அதிலிருந்து எண்ணிக்கை தேவைப்படும் ஏழெட்டுக் கேள்விகளைத் தனியாக எடுத்துப் பேட்டியின் கடைசியில் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பேட்டிக்கு ஆறு தலைப்பு போதும்: நேற்றைய நாள், இந்த வேலைக்கு வந்த கதை, கூலியும் முன்பணமும், உடம்பு, மழை மாதங்கள், பிள்ளைகள். ஆறையும் உள்ளங்கை அளவு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரிசை முக்கியமில்லை. எப்போதும் ‘நேற்று’ என்பதில் தொடங்கினால் நல்லது. ‘பொதுவா எப்படி இருக்கும்’ என்று கேட்டால் எல்லாரும் பொதுவாகத்தான் சொல்வார்கள்.

உங்கள் பேட்டிகள் சப்பென்று இருப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம், அதற்குப் பிள்ளைகள் பொறுப்பில்லை. ஒரு பெண் தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றால் இன்று நம் ஊரில் முதலில் வரும் நினைப்பு, இது எந்தத் திட்டத்துக்கு என்பதுதான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வருகிறது. எதையாவது மாற்றிச் சொல்லி அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. இல்லையென்றால், கொஞ்சம் கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வரும். இரண்டுமே நியாயம், இரண்டுமே பேட்டியைக் கெடுக்கும். அதனால் சம்மதம் கேட்கும்போதே இதை உடைத்துப் பேச வேண்டும். உங்கள் ஒப்புதல் படிவத்தில் ‘இவ்வாய்வில் தன்னிச்சையாகப் பங்கேற்க இசைகிறேன்’ என்பது மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் வாயில் வர வேண்டியது ஏறக்குறைய இதுதான்:

“அக்கா, நாங்க கவர்மெண்டு ஆளு இல்ல, கம்பெனி ஆளும் இல்ல. அளத்துல வேல பாக்குற பொம்பளைங்க என்ன சொல்லுதாங்கன்னு கேட்டு எழுதி கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கப் போறோம். இதுல பேசுனா எந்தப் பணமும் வராது, வர்ற பணமும் நிக்காது. உங்க பேரு, அளத்துக்காரர் பேரு எங்கயும் வராது. பேச இஷ்டமில்லன்னா வேண்டாம், பாதியில நிறுத்துனாலும் சரிதான். பேசுனது வேண்டாம்னு அப்புறமா தோணுச்சுன்னாலும் சொல்லுங்க, அழிச்சிருதோம். இத போன்ல ரெக்கார்டு பண்ணலாமாக்கா?”

ஒவ்வொருவரும் இதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லிப் பழக வேண்டும், மனப்பாடமாக வேண்டாம். அழித்துவிடுவோம் என்று சொன்னால் எந்தத் தேதிவரை அழிக்க முடியும் என்று நீங்கள் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அறிக்கை அச்சானபின் அது முடியாது. கையெழுத்தும் கைநாட்டும் கேட்டு வற்புறுத்தாதீர்கள். முன்பணம் வாங்கும்போது எழுதாத தாளில் கைநாட்டு வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த மை டப்பாவைப் பார்த்தாலே பேச்சு நின்றுவிடும். சம்மதத்தை வாய்மொழியாகவே பதிவில் வாங்கிவிடலாம் என்பது என் யோசனை. மாணவிகளின் கல்லூரி இதைப் புராஜெக்டாக எடுத்துக்கொள்ளப் போகிறது என்றால் மட்டும் அங்குள்ள நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மருத்துவ, உடல்நல ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களைத்தான் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன. படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது சார்பில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

‘நீங்க சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். கல்யாணமும் இதற்குள் வரும். ‘மவளப் பதினாறுல கட்டிக் கொடுத்தோம்’ என்று ஒரு தாய் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இருபது வயது மாணவி அதைக் கேட்டுவிட்டுத் தனியாகச் சுமக்கக் கூடாது. அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்ல வேண்டும், நீங்கள் ஒரு வழக்கறிஞரிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ பேச வேண்டும். அதனால் அப்படி ஒருவரை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களும் முதலாளி மீதே வரும் புகார்களும் அங்கேதான் போகும். உங்கள் மாவட்டக் குழுவின் தொலைபேசி எண்ணைத் தேடி வாங்கி, பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098, மனநலத்துக்கான 14416 ஆகியவற்றோடு சேர்த்து ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்துவிடுங்கள். பேட்டி முடிந்து கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். அழுதவர் வீட்டில் மட்டும் கொடுத்தால் தெரு முழுக்கத் தெரிந்துபோகும்.

இனி அந்த இரண்டு மாணவிகள். அவர்களை வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், விட்டும்விடாதீர்கள். முதலில் அவர்கள் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும், அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பெண் தன்னிடம் அழுததால் தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேட்டியில் அழுகை வருவது தப்பு நடந்ததற்கு அடையாளம் இல்லை. பல சமயம், இத்தனை நாளில் யாரும் கேட்காததை ஒருவர் கேட்டதால் வருவது அது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பதிவை நிறுத்தி, நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பேசாமல் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். ‘அழாதீங்க’ என்று சொல்லக் கூடாது, ‘எங்கம்மாவுக்கும் இப்படித்தான்’ என்று தன் கதையை ஆரம்பிக்கக் கூடாது, ஏற்பாடு செய்கிறேன் என்று எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் ஆறியபின், ‘இதோட போதுமாக்கா, இல்ல வேற ஏதாவது பேசலாமா’ என்று அவரையே முடிவு செய்யச் சொல்லலாம். நிறுத்தச் சொன்னாலும் உடனே எழுந்து ஓடிவிடாமல் ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்து யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவது அவசியம். அந்தப் பெண்ணை இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால், இந்தக் கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். அந்த மாணவிகளுக்கு இஷ்டம் இருந்தால் உங்களோடு வரட்டும். இனிப் பேட்டி எடுக்கவே வேண்டாம் என்றால் பதிவைக் கேட்டு எழுதும் வேலையைக் கொடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை வட்டார வழக்கு மாறாமல் எழுத ஐந்து மணி நேரம்கூட ஆகும். கேட்கும் காது நன்றாக உள்ள பிள்ளைகள் அந்த வேலைக்குத்தான் வேண்டும்.

நேரமும் இடமும் பற்றிக் கொஞ்சம். அளத்தில் வைத்துப் பேட்டி வேண்டவே வேண்டாம். அங்கே பேசியது யார் என்று பத்து நிமிடத்தில் கங்காணிக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்து வந்து குளித்து, சாப்பிட்டு, தண்ணீர் பிடித்து வைத்தபின் கிடைக்கும் சாயங்காலத்து ஒரு மணி நேரத்தை அவரிடமே கேட்டு வாங்குங்கள். இருவராகப் போகட்டும். அந்த நேரத்தில் வீட்டில் மாமியார் இருப்பார், கணவர் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கேள்வி மருமகளுக்கு, பதில் மாமியாரிடமிருந்து வரும். இரண்டாவது ஆளின் வேலை அந்த மாமியாரோடு திண்ணையில் உட்கார்ந்து மனசாரப் பேசுவதுதான். அதுவும் பயிற்சி தேவைப்படும் வேலை, ‘துணைக்கு வந்தவள்’ என்று குறைத்து நினைக்க வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, முதலில் அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஆடிக் காற்றில் வாசலில் உட்கார்ந்து பதிந்தால் காற்று மட்டும்தான் இருக்கும்.

ஒரு வீட்டுக்குள் போனதும் முதல் ஐந்து நிமிடத்தில் எங்கே உட்காருகிறோம், கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறோமா என்பதைத்தான் அந்த வீடு கவனிக்கும். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அதில் நம் பிள்ளை உட்கார்ந்து அக்கா தரையில் உட்கார்ந்தால் பேட்டி அங்கேயே பாதி போய்விட்டது. இருவரும் தரையில் உட்காரலாம். சில அமைப்புகள் களத்தில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் பட்டியல் சாதிக் குடும்பத்தின் வாசலில் நின்று ‘தண்ணி வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்ள அவர்களுக்கு எல்லாக் காரணமும் உண்டு. குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் ஒரு டம்ளர் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் ‘நீங்க’தான். அக்கா, மதினி, பெரியம்மா, ஆச்சி என்று அந்தத் தெருவில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. ‘மேடம்’ வேண்டாம். உங்கள் 12 பேரில் யாராவது ஒருவர் சில வீடுகளுக்குள் போகத் தயங்கினால், அதை மற்றவர்கள் கவனிக்கும் முன்னால் நீங்கள் கவனித்து, அவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

தொழிலாளிகளின் மகள்கள் நான்கு பேர் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். பாத்தி மிதித்தால் காலில் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அதே காரணத்தால் ‘ஒனக்குத் தெரியாததா?’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு ஒரு மறுமொழி சொல்லிக் கொடுங்கள்: “எனக்குத் தெரியும் சித்தி, ஆனா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கவங்களுக்குத் தெரியாதுல்லா. அவங்க கேக்காங்கன்னு நெனச்சுச் சொல்லுங்க.” தெரிந்ததைத் தெரியாதது மாதிரிக் கேட்பது கஷ்டம். அதற்குப் பயிற்சியாக, அவர்கள் தங்கள் அம்மாவையே பேட்டி எடுக்கட்டும். அப்புறம், சொந்தத் தெருவுக்கு அவர்களை அனுப்பாதீர்கள். வீட்டுக் கடனையும் குடிகாரக் கணவரையும் பற்றி நாளைக்குக் குழாயடியில் பார்க்கப் போகும் பிள்ளையிடம் யாரும் பேச மாட்டார்கள். முள்ளக்காட்டுப் பிள்ளை தருவைக்குளத்துக்கும், அங்குள்ள பிள்ளை முள்ளக்காட்டுக்கும் போகலாம்.

பதிவுகள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரவே கூடாது. இப்போது அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கே எல்லார் போனிலும் அழிக்கச் சொல்லுங்கள். பதிவை அன்று சாயங்காலமே நேரில் உங்கள் கணினிக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளையின் போனிலிருந்து உங்கள் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். கோப்புக்குப் பெயர் வேண்டாம், எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற நோட்டு உங்கள் பீரோவில் இருக்கட்டும். அளத்துக்காரர் பெயர், கங்காணி பெயர் பேச்சில் வந்தால் எழுதும்போது எடுத்துவிடலாம். படம் எடுக்கவே வேண்டாம். கையை மட்டும் எடுத்தாலும் வளையலை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இனிமேல் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு பேட்டிதான். முடித்துவிட்டு வந்ததும் பதிவில் விழாததை எழுத இருபது நிமிடம் கொடுங்கள்: வீட்டில் யார் இருந்தார்கள், எந்த இடத்தில் குரல் இறங்கியது, போனை நிறுத்தியபின் என்ன சொன்னார். பதிவை நிறுத்தியதும்தான் பலர் முக்கியமானதைச் சொல்வார்கள். அதை எழுதிக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும், கேட்காமல் எழுதக் கூடாது. ஒவ்வொருவரின் முதல் பேட்டியையும் நீங்கள் அவரோடு கேட்டு முடிக்கும்வரை அவருக்கு இரண்டாவது வீடு கிடையாது. 12 பேருக்கும் இதைச் செய்ய உங்களுக்கு இரண்டு வாரம் ஆகலாம். ஆகட்டும். 40 சப்பையான பேட்டிகளைவிட 15 நல்ல பேட்டிகளை வைத்து எழுதும் அறிக்கை மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகளின் பஸ் செலவையும் சாயங்கால டீயையும் உங்கள் குழு ஏற்க வேண்டும். தன்னார்வலர் என்பதால் கைக்காசைப் போட வேண்டும் என்று இல்லை, தொழிலாளியின் மகளுக்கு அந்தக் காசு பெரிது.

முதலில் பேசிய 14 பேரிடமும் மறுபடி போகலாமா என்று உங்களுக்குத் தோன்றும். போகலாம், ஆனால் எல்லாரிடமும் வேண்டாம். பதிவில் ‘ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டார்’ என்று தெரியும் மூன்று நான்கு பேரிடம் மட்டும், அதே பிள்ளையை அனுப்புங்கள். ‘போன தடவ அவசரமாப் போயிட்டேங்கா, நீங்க மழை மாசத்தப் பத்தி ஒண்ணு சொல்ல வந்தீங்க’ என்று தொடங்கினால் பெரும்பாலும் பேசுவார்கள். அக்டோபரிலிருந்து வேலை இல்லாத மாதங்கள் வரும். அப்போது அவர்களுக்கு நேரம் இருக்கும், ஆனால் கையில் காசு இருக்காது, பேச்சும் வேறாக இருக்கும். முடிந்தால் சில பேட்டிகளை அப்போதைக்கு மிச்சம் வையுங்கள்.

கடிதத்தோடு இணைத்த சிறு குறிப்பில், பதிவுகளில் இரண்டு மூன்றை எனக்கு அனுப்பிவைக்கட்டுமா, கேட்டுவிட்டுச் சொல்வீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம் டீச்சர். அந்தப் பெண்கள் உங்கள் குழுவிடம் பேசச் சம்மதித்தார்கள், என்னிடம் இல்லை. 38 கேள்விகள் கொண்ட தாளையும் ஒப்புதல் படிவத்தையும் அனுப்புங்கள். ஆறு தலைப்பையும் சம்மதப் பேச்சையும் உங்கள் ஊர் வழக்கில் சேர்ந்து எழுதிவிடலாம்.